வாய்க்கொழுப்பு

கண்ணாடி ஜாடிக்குள் இருந்த மஞ்சள் கட்டியை ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் யாரும் மாஸ்டரிடமிருந்து தப்பிக்க முடியாது. “தொடுங்க, சும்மா தொடுங்க. ஒரு கிலோ மனுஷக் கொழுப்பு. இது மாதிரி எத்தனை கட்டி உள்ள இருக்குன்னு நீங்களே யோசிச்சுக்குங்க,” என்பார். வந்தவர்கள் ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே சேர்ந்துவிடுவார்கள். மனுஷக் கொழுப்பாம்! மெழுகுவர்த்தியை உருக்கி, மஞ்சள் சாயம் போட்டு, வாசலின் கலந்து பிசைந்த கட்டி அது. பிசைந்தவளே அவள்தான். உருக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டு கொப்புளம் வந்தது வேறு. அதற்கு மாஸ்டர் சொன்ன ஆறுதல், “பாத்து செய்யக் கூடாதா? மெழுகு வீணாப் போச்சு பாரு.”

அவள் மாஸ்டருக்குத் தம்பி பெண்டாட்டி. கீழே மாஸ்டரின் உடல் மெலிவு நிலையம், மாடியில் குடும்பம். வயிற்றில் மாட்டி ஆட்டுகிற பெல்ட், தலை மட்டும் வெளியே தெரிகிற நீராவிப் பெட்டி, உடம்பைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட், இவ்வளவுதான் அங்கே இருந்த மொத்த விஞ்ஞானமும். ஆட்களைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, வேர்க்கவிட்டு, துடைத்து, மறுபடி எடை மெஷினில் ஏற்றுவது அவள் வேலை. வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து ஒரு தடவை ஏற்றுவாள். நாக்கு வறண்டு போனபின் இன்னொரு தடவை ஏற்றுவாள். முள் இறங்கியிருக்கும். இறங்காமல் என்ன செய்யும்? “பாத்தீங்களா, கொழுப்பு உருகி வேர்வையா ஓடிடுச்சு!” என்று மாஸ்டர் கையைத் தட்டுவார். அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்ததும் ஓடிப்போன கொழுப்பு அத்தனையும் திரும்பி வந்துவிடும். மறுநாள் வந்து முறையிட்டால், “உங்களுக்கு வாய்க்கட்டு இல்லை சார்,” என்று மாஸ்டர் அவனையே குற்றவாளி ஆக்கிவிடுவார்.

குண்டானவர்களைக் கண்டால் மாஸ்டருக்கு அப்படி ஓர் இளக்காரம். “தின்னு தின்னு கொழுத்துப் போய் வருதுங்க,” என்பார், அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்குவதற்குள்ளாகவே. இவருக்கு மட்டும் என்ன இடுப்பு கயிறு மாதிரியா இருந்தது? ஆள் வரும் சத்தம் கேட்டதும் மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே தள்ளிக்கொள்வார். ஆள் போனதும் அது பொதுக்கென்று வந்து மேஜைமேல் உட்கார்ந்துகொள்ளும். எதிரே நின்று இதைத் தினமும் பார்க்கிறவளுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? வாயால் “அத்தான்” என்று கூப்பிடுவாள். மனசுக்குள் அவர் வெறும் உதார் மாஸ்டர்தான்.

அவளுக்கு ஒரே பெண். ஆறு வயசு. ஓயாமல் பேசுவதால் சில்வண்டு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூட அப்படித்தான் கூப்பிடுவாள். சில்வண்டு கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பால் குடிக்காமல் கிடந்து, கண் செருகி, வெட்டி வெட்டி இழுத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில்தான் விஷயம் தெரிந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு அங்கிருந்த டாக்டரம்மா அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

“நாம சாப்பிட்டது மிஞ்சினா உடம்பு தூக்கிப் போடாது. சோறோ சர்க்கரையோ, மிச்சத்தைக் கொழுப்பா மாத்தி அடுக்கி வச்சுக்கும். ரொம்ப நேரம் வயிறு காலியா இருந்தா, அந்த அடுக்கைப் பிரிச்சு, நீளமா இருக்கறதைத் துண்டு துண்டா நறுக்கி எரிக்கும். நறுக்க ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கத்தரி இருக்குன்னு வச்சுக்குங்க. உங்க பாப்பாவுக்கு நடு அளவுக் கத்தரி மட்டும் பிறவியிலேயே வேலை செய்யல. கொழுப்பு இருக்கும், ஆனா அவசரத்துக்கு எடுத்து எரிக்க முடியாது. ரத்தத்துல இருக்கற சர்க்கரை தீந்துபோனா மூளைக்கு வேற கதி கிடையாது.”

“அப்ப நான் என்ன செய்யணும் டாக்டர்?”

“பட்டினி போடக் கூடாது, அவ்வளவுதான். மத்தபடி எல்லாப் பிள்ளைங்க மாதிரி ஓடும், ஆடும், பேசும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிடலைன்னா மட்டும் வீட்டுல வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்காதீங்க. இனிப்பா ஏதாவது குடுங்க. இறங்கலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க.”

போகிற போக்கில் அவள் இன்னொன்றும் கேட்டாள். அவள் வேலை அப்படி. “எரிஞ்ச கொழுப்பு எங்க போகும் டாக்டர், வேர்வையாவா?” டாக்டரம்மா சிரித்துவிட்டாள். “முக்கால்வாசிக்கு மேல நாம விடற மூச்சுலதான் போகும். மிச்சம் தண்ணியாப் போகும். யார் உங்களுக்கு வேர்வைன்னு சொன்னது?” யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

மாஸ்டரிடம் வந்து இதையெல்லாம் சொன்னபோது, அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். “எரியாத கொழுப்பா? நான் எரிக்காத கொழுப்பா? டாக்டருங்க ஆஸ்பத்திரி ஓடணும்னு ஆயிரம் சொல்வாங்க. நீ பயந்து சாகாத.” அதோடு அவர் வரையில் விஷயம் முடிந்தது. ஆனால் அவள் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கக் கூடாது, கண் அங்கேதான் போகும். “போடு, போடு, நல்லாத் தீனி போடு. அதான் கொழுப்பு ஏறிப்போய் எதிர்த்துப் பேசுது.” எந்தக் கொழுப்பைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. தொப்பையில் இருப்பதும் வாயில் இருப்பதும் அவர் கணக்கில் ஒரே சரக்கு. இரண்டுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான், பட்டினி.

அக்கா, அதாவது மாஸ்டரின் மனைவி, நல்லவள்தான். நல்லவள் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? மாஸ்டர் தும்மினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள், அவ்வளவு பயம். மாஸ்டரின் தம்பியான அவள் புருஷனோ லாரி ஓட்டுகிறேன் என்று பாதி நாள் ரோட்டில் கிடப்பான். வீட்டுக்கு வந்தாலும் அண்ணன் முன்னால் வாயைத் திறந்தால் ஆமாம் என்ற ஒரு சொல்தான் வெளியே வரும். ஆக அந்த வீட்டில் மாஸ்டரைத் திருப்பிக் கேட்கிற ஆள் ஒரே ஒருத்திதான், அவளுக்கு முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

அதில் அம்மாக்காரிக்கு உள்ளூரப் பெருமை. தான் விழுங்குவதையெல்லாம் பிள்ளை வெளியே சொல்கிறதே! படுக்கும்போது மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மாஸ்டர் மாதிரி தொப்பையை இழுத்துக் காட்டுவாள், அவர் குரலில் “உருகி ஓடிடுச்சு!” என்பாள். சில்வண்டு உருண்டு உருண்டு சிரிக்கும். “நிஜமா எங்கம்மா போகும்?” என்று கேட்கும். “மூச்சுல போகும்டி. உங்க பெரியப்பா விடற மூச்சு பூரா கப்சா, அதான் அவருக்குப் போகல,” என்பாள். அம்மாவும் மகளும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

அன்றைக்கு சில்வண்டுக்கு ஜலதோஷம், லேசாகச் சூடு. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. காலையில் குடித்த பாலையும் கக்கிவிட்டது. கண்ணெதிரே இருக்கட்டும் என்று கீழே கொண்டுவந்து, எடை மெஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்து, பழரசத்தை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து நகைக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். அவர், மனைவி, இரண்டு மகன்கள், நான்கு பேரும் ஒன்றாகச் சேர்வதாகப் பேச்சு. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஜாடியைத் திறந்தார், தொடச் சொன்னார், பெட்டியைக் காட்டினார், “அப்படியே உருகி வேர்வையா ஓடிடும்,” என்று கையை வீசினார்.

“வேர்வைல போகாது பெரியப்பா,” என்றது பெஞ்சிலிருந்து ஒரு மூக்கடைத்த குரல். “மூச்சுலதான் போகும். டாக்டரே சொன்னாங்க. அப்புறம், அந்தக் கட்டி எங்கம்மா செஞ்சது.”

நகைக்கடைக்காரரின் பெரிய மகன் முதலில் சிரித்தான். அப்புறம் அவன் அம்மா. நகைக்கடைக்காரர் சிரிக்கவில்லை, விரலை முகர்ந்து பார்த்தார், மனைவியைப் பார்த்தார், “யோசிச்சுட்டு வர்றோம்,” என்று எழுந்துவிட்டார். அந்த யோசனை என்ன யோசனை என்று எல்லாருக்கும் தெரியும். கதவு சாத்தியதும் மாஸ்டரின் தொப்பை வெளியே வந்தது, கூடவே அவரும் எழுந்து வந்தார்.

“கொழுப்பு! உடம்பு பூரா கொழுப்பு! மன்னிப்புக் கேளு.”

“நிஜத்தைத்தானே சொன்னேன்,” என்றது சில்வண்டு.

“கேக்கறியா இல்லையா? கேக்கற வரைக்கும் உனக்குச் சாப்பாடு கிடையாது. ஒரு நாள் காயப் போட்டா தானா அடங்கும்.”

அவள் குறுக்கே வந்தாள். “அத்தான், அவளுக்கு உடம்பு முடியல. நான் கண்டிச்சு வைக்கறேன், விடுங்க.” அதற்குள் போன் அடித்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு கிளையில் நீராவிப் பெட்டியின் கதவு மாட்டிக்கொண்டதாம். உள்ளே ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர், தலை மட்டும் வெளியே, வாயில் வராத வார்த்தை இல்லையாம். அந்தக் கதவைத் திறக்கிற சூட்சுமம் அவள் கைக்கு மட்டும்தான் தெரியும். “போ, போ, முதல்ல அதைப் பாரு,” என்று மாஸ்டர் விரட்டினார்.

அவள் பிள்ளையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் அக்காவிடம் விட்டாள். “அக்கா, இதுக்கு இன்னிக்கு ஒண்ணும் நிக்கல. கொஞ்சம் கொஞ்சமா இனிப்பா ஏதாவது குடுத்துக்கிட்டே இருங்க. வாந்தி எடுத்தா, இல்ல சோர்ந்து படுத்தா, உடனே எனக்குப் போன் பண்ணுங்க.” அக்கா தலையாட்டினாள். பட்டினி போடுவேன் என்று மாஸ்டர் சொன்னதைப் பிள்ளையின் அம்மா ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆள் சொன்ன எது நடந்திருக்கிறது? கொழுப்பைக் கரைப்பேன் என்பார், கரைத்தாரா? ஊரெல்லாம் கிளை திறப்பேன் என்பார், ஒன்றைத் தாண்டினாரா? வாய்ச்சவடால் என்று நினைத்துவிட்டு பஸ் ஏறினாள். அவரை மனுஷனாகவே மதிக்காதது அவளுக்கு அன்றைக்கு வினையாகப் போனது.

போலீஸ்காரரை வெளியே எடுத்து, அவர் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களையும் அவளே கவனிக்க வேண்டியதாயிற்று. நடுவில் போன் செய்தாள்.

“சாப்பிட்டாளாக்கா?”

“ம்ம்.”

“என்ன பண்றா?”

“தூங்கறா.” அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுக்கு ஏதோ உறுத்தியது. கடைசி ஆளைப் பாதியில் துடைத்து அனுப்பிவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மாஸ்டர் ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு அலமாரியின் சாவி அவர் சட்டைப் பையில் தொங்கியது.

“வா வா. போய்ப் பாரு உன் பொண்ணை. காலைல என்ன பேச்சுப் பேசினா! இப்ப பாரு, எப்படி அடங்கிக் கிடக்கறா. முதல்ல அழுதா, அப்புறம் முனகினா, இப்ப சத்தமே இல்ல. ஒரே நாள்தான், மொத்தக் கொழுப்பும் இறங்கிடுச்சு.”

அவள் செருப்போடு உள்ளே ஓடினாள். சில்வண்டு சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தது. நெற்றி ஜில்லென்று நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. திருப்பினால் தலை அது பாட்டுக்குத் துவண்டு விழுந்தது. ஓயாத வாய் பாதி திறந்து கிடந்தது, அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சமையலறைக்குப் பாய்ந்தாள். மேடைமேல் எதுவும் இல்லை, எல்லாம் அலமாரிக்குள்.

“சாவி!”

“இரு, இரு, தூங்கற பிள்ளையை ஏன்…”

அவர் சட்டைப் பையில் கையை விட்டாள். பை கிழிந்து சாவியோடு வந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரலால் தடவினாள். “அக்கா, ஆட்டோ!” என்று கத்தினாள். அக்கா அழுதுகொண்டே படியில் ஓடினாள். பின்னால் மாஸ்டர் கிழிந்த பையைப் பிடித்துக்கொண்டு, “நடிக்கறா, அவங்கம்மா மாதிரியே நடிக்கறா,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைக் கேட்டு இளம் டாக்டர் ஒரு நொடி வீணாக்கவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார், முகம் மாறியது, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். “இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா…” என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் வெளிச்சுவரில் சாய்ந்து நின்றாள். கோபம் கூட வரவில்லை. பிழைத்துக்கொள், பிழைத்துக்கொள், என்னை என்ன வேண்டுமானாலும் திருப்பிப் பேசு, என்று ஒரே புலம்பல் மனசுக்குள்.

புருஷன் போனில் வந்தான். விஷயத்தைக் கேட்டு அழுதான். அழுது முடித்து, “அண்ணன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு,” என்றான்.

“வேணும்னு செய்யற அளவுக்கு அந்த ஆளுக்குப் புத்தி ஏது? நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்த வீட்டுக்குத்தான் போவேன்னா நீங்க மட்டும் போங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விடிந்தபோது சில்வண்டு கண்ணைத் திறந்தது. அம்மாவைப் பார்த்தது, கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்தது, ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, “பயமில்ல, தப்பிச்சுட்டா. வாய் வழியா சாப்பிட ஆரம்பிக்கட்டும்,” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே அழுது தீர்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்தார். புதுச் சட்டை, கையில் ஆப்பிள் பை, பின்னால் அக்கா. வார்டில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று மூச்சை இழுத்துத் தொப்பையை உள்ளே தள்ளிக்கொண்டார். “ஒண்ணும் இல்லல்ல? நான்தான் சொன்னேனே. குழந்தைங்கன்னா வர்றதும் போறதும்…”

அவர் குரல் கேட்டதும் சில்வண்டு எழுந்து உட்காரப் பார்த்தது. முடியவில்லை. படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தது.

“மன்னிச்சுக்கோங்க பெரியப்பா. இனிமே பேச மாட்டேன். எனக்குச் சாப்பாடு குடுக்கச் சொல்லுங்க.”

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார். “அட என் தங்கம்! இந்த ஒரு வார்த்தையைத்தானே நேத்தே கேட்டேன்!”

அவள் எழுந்தாள். அவர் மூக்குக்கு நேராக வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

“இத்தனை வருஷமா கடை வச்சிருக்கீங்க. நிஜமா நீங்க கரைச்ச கொழுப்பு இது ஒண்ணுதான்.”

அவருக்குப் புரியவில்லை. பாராட்டு மாதிரி பட்டிருக்க வேண்டும், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். தூ, இந்த மனுஷனிடம் கோபப்படுவதும் வீண் என்று அவளுக்குத் தோன்றியது. “வெளிய போங்க,” என்றாள். அத்தான் என்ற சொல் அதில் இல்லை. “என்னது?” என்று அவர் தொப்பையை விட்டுவிட்டார். அக்காதான் அவர் முழங்கையைப் பிடித்தாள். “வாங்க. போலாம். போதும்,” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை இழுத்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனதும் அவள் கடையில் வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். சில்வண்டு அதை வாங்கிக்கொண்டது. வாயில் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

“தின்னுடி.”

“தின்னட்டுமாம்மா?”

“அதான் குடுத்தேனே, தின்னு.”

“நிஜமா தின்னலாமா? யாரும் திட்ட மாட்டாங்களா?”

பசித்தால் யாரையும் கேட்காமல் பிடுங்கித் தின்ன வேண்டிய பிள்ளை. வேண்டாம் என்கிறவனை எதிர்த்துப் பேசினால்தான் உயிர் தங்கும் பிள்ளை. அது உத்தரவுக்குக் காத்துக்கொண்டு கிடந்தது.

“கேக்காத! யாரையும் கேக்காத! யார் வேணாம்னு சொன்னாலும் கேக்காத, எடுத்துத் தின்னு! புரியுதா?” அவளை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. வார்டே திரும்பிப் பார்த்தது.

சில்வண்டு பிஸ்கட்டை மெல்லப் போர்வைமேல் வைத்தது.

“சரிம்மா,” என்றது. “மன்னிச்சுக்கோ.”